பழைய அலாய் வீலை வெட்டி, துளைத்து டிராக்கில் ஓட்டலாமா?

"15 இன்ச் அலாய் வீல், நாலும் சேர்த்து, நல்ல கண்டிஷன், பாதி விலை." செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் பார்க்கிறீங்க. படத்தில் வீல் பளபளன்னு இருக்கு. போல்ட் துளை மட்டும் உங்கள் காருக்குப் பொருந்தாது. "அதெல்லாம் பிரச்சினையே இல்ல, லேத்துல கொடுத்து மாத்திக்கலாம்" என்கிறார் விற்பவர். அடுத்த மாதம் நண்பர்களோடு கோவை ரேஸ் டிராக்குக்குப் போகும் திட்டமும் இருக்கு. வாங்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் காருக்கு அப்படியே பொருந்துகிற, விரிசலோ பழுதோ இல்லாத பழைய அலாய் வீலை, டயரைக் கழற்றி முழுமையாகச் சோதித்த பிறகு பயன்படுத்தலாம். ஆனால் வெட்டிய, மறுபடி துளையிட்ட, வெல்டிங் வைத்த, நெருப்பில் காட்டி நிமிர்த்திய வீல் டிராக்குக்கும் வேண்டாம், ரோட்டுக்கும் வேண்டாம். ஏன் என்பதையும், வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதையும், ஏமாந்தால் எங்கே போக வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

டிராக் எது, ரோடு எது?

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளத்தில் நிரந்தரத் தடம் வந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, கோவையின் பந்தய வீரரும் பந்தயக் கார் வடிவமைப்பாளருமான எஸ்.கரிவரதன் பெயரில் 2003-ல் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயமும் நடந்தது.

நிரந்தரத் தடங்களில் பந்தயம் இல்லாத நாட்களில், பொதுமக்கள் சொந்த வாகனத்தைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் டிராக் நாட்களும் நடத்தப்படுகின்றன. அங்கே எதிரே வண்டி வராது. கொடி காட்டும் பணியாளர்கள் இருப்பார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

தஞ்சாவூர் பைபாஸோ, கும்பகோணம் சாலையோ அப்படி இல்லை. இரவில் காலியாக இருந்தாலும் அது பொதுச்சாலைதான். பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் சிறை 1 ஆண்டு வரையும், அபராதம் 10,000 ரூபாய் வரையும் போகலாம்.

வீல் எதையும் மறப்பதில்லை

ஒரு கணக்குப் பார்ப்போம். 185/65 ஆர்15 டயர் போட்ட சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 510 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் எடை வீலின் ஒவ்வொரு ஸ்போக்கையும் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் இழுத்து விடுகிறது. 40,000 கி.மீ. ஓடிய வீல் இப்படிச் சுமார் 2 கோடி முறை வளைந்து நிமிர்ந்திருக்கும்.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் ஒரு கட்டத்தில் உடைகிறதே, அதே கதைதான். உலோகம் களைத்துப் போகிறது. இரும்பில் அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை வளைந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியக் கலவைக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் வீலுக்குள் பழைய ஆயுள் ஒளிந்திருக்கும்.

நம்ம டெல்டா ரோட்டை நினைத்துப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பள்ளம். வாய்க்கால் மதகுப் பாலம் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு தூக்கு. குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ஒதுங்கும்போது சக்கரம் தார் விளிம்பில் இடறும். பள்ளத்தில் வாங்கும் ஒவ்வொரு அடியும் ரிம்மின் உள்பக்க விளிம்பில் விழுகிறது. விளம்பரப் படத்தில் தெரிவது வெளிப்பக்கம் மட்டும்தான்.

இப்போது அந்த வீலை டிராக்கில் விடுகிறோம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. வீல் பக்கவாட்டில் வளையும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் சில நூறு டிகிரி வரை சூடாகி, அந்தச் சூடு வீலுக்கும் போகும். தடத்தின் ஓரத்தில் உள்ள மேடு மேல் ஏறினால் இன்னொரு அடி. ரோட்டில் எப்போதோ ஒருமுறை வரும் உச்ச அழுத்தம், டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வரும்.

டிராக்கில் தொடங்கிய விரிசல் டிராக்கிலேயே உடையும் என்று சொல்ல முடியாது. கோவையிலிருந்து தஞ்சாவூர் திரும்ப சுமார் 270 கி.மீ. அந்த ஒரு பயணத்தில் மட்டும் சக்கரம் ஒரு லட்சத்து 37 ஆயிரம் முறைக்கு மேல் சுற்றும். ஹெல்மெட்டும் கொடி காட்டுபவரும் இல்லாத அந்தப் பயணத்தில், பின்சீட்டில் குடும்பம் இருக்கும்போதும் அது உடையலாம். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேஜ் வீல் செய்யும் பட்டறையால் முடியாதா?

நியாயமான கேள்வி. டிராக்டருக்குக் கேஜ் வீல் அடித்துக் கொடுப்பதும், கதிர் அறுக்கும் இயந்திரத்தின் உடைந்த பாகத்தை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்து வயலுக்கு அனுப்புவதும் டெல்டா பட்டறைகளுக்குக் கைவந்த கலை. திறமையில் குறை இல்லை. வித்தியாசம் உலோகத்தில் இருக்கிறது.

கேஜ் வீல் சாதாரண இரும்பு. சூடாக்கலாம், அடிக்கலாம், வெல்டு வைக்கலாம். மெதுவாகச் சேற்றில் சுற்றும். உடையும் முன் வளைந்து எச்சரிக்கும்.

அலாய் வீல் பெரும்பாலும் சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. வார்த்த பிறகு சுமார் 540 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டெனக் குளிரவைத்து, மறுபடியும் 150 முதல் 180 டிகிரி அளவில் பதப்படுத்துவார்கள். வீலின் பலம் இந்தப் பதத்தில்தான் வருகிறது. பட்டறையில் கேஸ் நெருப்பு காட்டினாலோ வெல்டு வைத்தாலோ அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும். திரும்பக் கொண்டுவர முழு வீலையும் தொழிற்சாலை முறையில் பதப்படுத்த வேண்டும். அது பட்டறையில் நடக்காது.

இன்னொன்று: இரும்பு சூடானால் சிவக்கும். அந்த நிறத்தைப் பார்த்தே அனுபவசாலி சூட்டை அளந்துவிடுவார். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகத் தொடங்கிவிடும். இரும்பில் கைகொடுத்த கண் இங்கே கைகொடுக்காது.

எந்த மாற்றம் எவ்வளவு ஆபத்து?

பிசிடி மாற்றுவது: போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 4 போல்ட், 100 மி.மீ. ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 5 போல்ட், 114.3 மி.மீ. ஃபோர்டு ஃபிகோவுக்கு 4 போல்ட், 108 மி.மீ. 108-ஐ 100 ஆக்க ஒவ்வொரு துளையும் 4 மி.மீ. உள்ளே தள்ளினால் போதுமே என்று தோணும். ஆனால் பழைய துளையும் புதிய துளையும் ஒன்றோடொன்று சேர்ந்து நீளமாகிவிடும். நட்டு உட்கார வேண்டிய இடம் ஒரு பிறை அளவுக்குக் குறையும். பழைய துளையை வெல்டால் அடைத்துவிட்டுத் துளைத்தால், பதம் போன உலோகத்தின் மேல் நட்டு உட்காரும். இரண்டுமே வேண்டாம்.

உடைந்த ஸ்போக்கில் வெல்டிங்: கூடவே கூடாது. ஸ்போக், நடுப்பகுதி, போல்ட் துளை அருகே விரிசல் இருந்தால் அந்த வீலின் கதை முடிந்தது. எடைக்குப் போடும்போதும் ஒரு பக்கம் அறுத்துவிட்டுப் போடுங்க. இல்லாவிட்டால் பெயின்ட் பூசிக்கொண்டு வேறொருவர் காரில் ஏறிவிடும்.

பெண்டு எடுப்பது: விளிம்பில் லேசான வளைவை, இதற்கென்று உள்ள இயந்திரத்தில் நெருப்பு இல்லாமல் நிமிர்த்தித் தருபவர்கள் உண்டு. அப்படிச் சரிசெய்த வீலை ஊருக்குள் ஓட்டக் கவனத்தோடு பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். டிராக்குக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. நெருப்பு காட்டிச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தியதை எதற்குமே பயன்படுத்த வேண்டாம்.

நடுத்துளையைப் பெரிதாக்குவது: ஹப்பை விட வீலின் நடுத்துளை பெரிதாக இருந்தால், சரியான அளவு வளையம் போட்டுப் பொருத்தலாம். இதில் வீலை வெட்ட வேண்டியதில்லை. துளை சிறிதாக இருந்து, அதை லேத்தில் கடைந்து பெரிதாக்குவதுதான் பிரச்சினை. கொஞ்சம் மையம் விலகினாலும் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். வரலாறு தெரியாத பழைய வீலின் நடுப்பகுதியை மெலிதாக்குவதும் சரியல்ல.

ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளுவது: பார்க்க அகலமாக, கெத்தாக இருக்கும். ஆனால் பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் சுமை கூடும். போல்ட்டில் நட்டு பிடிக்கும் மரைகளின் எண்ணிக்கையும் குறையும். திருப்பும்போது டயர் ஃபெண்டரில் உரசும்.

பெயின்ட், பவுடர் கோட்டிங்: நிறம் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் பவுடர் கோட்டிங் சூளை வழக்கமாக 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும். அதிகச் சூட்டில், அதிக நேரம், திரும்பத் திரும்ப வைத்தால் வீல் மென்மையாகும். நட்டு உட்காரும் இடத்தில் பூச்சு தடிமனாக இருந்தால், பிறகு அது நசுங்கி நட்டு தளரும். புதுப் பெயின்ட் பழைய விரிசலையும் மூடிவிடும். அதனால் புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீலைப் பார்த்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்க.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும், உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் வாங்கினாலும், செல்போன் விளம்பரத்தில் வாங்கினாலும் இவற்றைப் பாருங்க.

1. டயர் இல்லாமல் வீலைக் காட்டச் சொல்லுங்க. டயரோடு இருந்தால் உள்விளிம்பு தெரியாது. மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்க.

2. கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்க. ஸ்போக்கும் ரிம்மும் சேரும் மூலை, போல்ட் துளைகளைச் சுற்றி, உள்விளிம்பு ஆகியவை முக்கியம். முடி இழை மாதிரி ஒரு கோடு போதும், வேண்டாம் என்று சொல்ல. செல்போன் கேமராவில் கிட்டே வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது உதவும்.

3. பின்பக்க எழுத்துகளைப் படியுங்க. அகலமும் விட்டமும், ஆஃப்செட் எண், தாங்கும் எடை, வார்த்த தேதி ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தாங்கும் எடை, உங்கள் காரின் ஒரு அச்சுக்கு அனுமதித்த அதிகபட்ச எடையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எதுவுமே எழுதாத வீல் வேண்டாம்.

4. பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றிச் சுற்றிப் பாருங்க. வளைந்து ஆடுகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல டயர் கடைகள் எல்லாவற்றிலும் இந்த இயந்திரம் இருக்கிறது.

5. டிராக்குக்கு என்றால் சாயச் சோதனை செய்யுங்க. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சு தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் சிவப்புக் கோடாக எட்டிப் பார்க்கும். வெல்டிங்கைச் சோதிக்கத் திருச்சி, துவாக்குடி பகுதியில் பெல் நிறுவனத்தைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் தொழில் வட்டாரத்தில் நன்கு தெரிந்த முறை இது. பெயின்ட்டை நீக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். உலோகத்துக்குள்ளேயே மறைந்திருக்கும் குறையை இது காட்டாது. அதற்கு எக்ஸ்ரே தேவை.

சுத்தியலால் தட்டி, "கணீர்னு சத்தம் வருது, நல்ல வீல்" என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சிறு விரிசல் சத்தத்தில் தெரியாது.

ஐஎஸ்ஐ முத்திரையைச் செல்போனில் சரிபார்ப்பது எப்படி?

பயணிகள் கார் வீல்களுக்கு ஐஎஸ் 9436, இரு சக்கர, மூன்று சக்கர வாகன வீல்களுக்கு ஐஎஸ் 16192 என இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. திரும்பத் திரும்ப வளைத்தும், சுமை ஏற்றிச் சுழற்றியும் வீல் தாங்குகிறதா என்று சோதிக்கும் தரங்கள் இவை. வீல் ரிம்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-ல் வெளியிட்டது.

'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்க. ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள உரிம எண்ணை அதில் தட்டினால், எந்த நிறுவனம், எந்தப் பொருள், உரிமம் செல்லுபடியாகிறதா என்பது வந்துவிடும். முத்திரை போலி என்று தெரிந்தால் அதே செயலியில் புகார் பதியலாம். ஆணைக்கு முந்தைய பழைய வீல்களில் இந்த முத்திரை இல்லாமல் இருக்கலாம். ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜேடபிள்யூஎல் என்ற எழுத்து சில வீல்களில் இருக்கும். அதையும் போலியாகப் பொறிப்பவர்கள் உண்டு. இன்னொரு விஷயம்: எந்த முத்திரையும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத்தான் பொருந்தும். ஒரு துளை கூடுதலாகப் போட்ட நிமிடமே அந்தச் சோதனை உங்கள் வீலுக்குப் பொருந்தாது.

சட்டமும் இன்சூரன்சும்

வாகனத் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்குப் பிரிவு 182ஏ-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதனால் உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் வீல், டயர் அளவுகளுக்குள் இருப்பதே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்க. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் அலுவலகங்கள் உள்ளன.

இன்சூரன்ஸ் பாலிசியின் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பாருங்க. ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வழக்கமான கார் பாலிசி பொருந்தாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் ஏற்படும் சேதம் உங்கள் கைக்காசு என்று நினைத்துக்கொண்டே போங்க. அலாய் வீல் கூடுதலாகப் போட்டிருந்தால் அதையும் நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியில் சேர்த்துவிடுங்க.

டிராக் நாளில்

முதல் முறை போகிறவர்களுக்கு எளிய வழி, காரோடு வந்த வீலிலேயே போவது. சாதாரண இரும்பு வீல் என்றாலும் பரவாயில்லை. அழகு குறைவாக இருக்கும். ஆனால் உங்கள் காருக்கென்றே சோதிக்கப்பட்டது. மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்கும், பிரேக் பேடுக்கும், புது பிரேக் ஆயிலுக்கும் செலவிடுங்க.

அலாய் போட்டிருந்தால், அதற்கேற்ற வடிவ நட்டுதானா என்று பாருங்க. சரிவு, உருண்டை, தட்டை என நட்டின் அடிப்பகுதி மூன்று வகைப்படும். வீலுக்கு வீல் மாறும். டார்க் ரெஞ்ச் வைத்து, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்க. 50 முதல் 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடி சரிபாருங்க. டிராக்கில் ஒவ்வொரு சுற்று ஓட்டத்துக்குப் பிறகும் வீல் ஆறியதும் நட்டையும், ஸ்போக்கையும், உள்விளிம்பையும் பாருங்க. சூடான வீலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஒரே டயரில் மட்டும் காற்று மெல்ல இறங்குவது, புதிதாக ஒரு நடுக்கம், 'டக் டக்' என்ற சத்தம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. பஞ்சர் இல்லாமல் காற்று இறங்கினால் ரிம்மில் விரிசல் இருக்கலாம். அந்த வீலைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டு, மெதுவாக ஊர் திரும்புங்க.

ஏமாந்துவிட்டால்?

கடையிலோ வியாபாரியிடமோ வாங்கினால் ரசீது கேளுங்க. "வெல்டிங், துளை மாற்றம், நெருப்பு வேலை எதுவும் செய்யப்படவில்லை" என்று அதில் எழுதி வாங்குங்க. விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. பொய் சொல்லி விற்றது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், 2 ஆண்டுகளுக்குள், 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

சாலையில் வீல் உடைந்து விபத்து நேர்ந்தால் 108, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. இந்த இரண்டு எண்களையும் செல்போனில் சேமித்துக்கொள்ளுங்க. வாங்கப் போகும் வீல் ஏற்கனவே உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வார இறுதியிலேயே டயரைக் கழற்றி உள்விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்க.